காமிரா வாரும் கழுத்து நோவும்

முகூர்த்த நாட்களில், பாடியில் தொடங்கி அம்பத்தூர், திருமுல்லைவாயில், ஆவடி என்று சி.டி.எச். சாலையை ஒட்டி நீளும் கல்யாண மண்டபங்களுக்குள் விடிவதற்கு முன்பே நுழைந்து, காசி யாத்திரை முதல் கடைசிப் பந்தி வரையில் நின்றும் குனிந்தும் நாற்காலிமேல் ஏறியும் படமெடுத்துவிட்டு, பிற்பகல் வெயிலில் வெளியே வருகிற புகைப்படக்காரர்களைக் கவனித்தவர்கள், அவர்களில் பலர் வாசற்படியைத் தாண்டியதும் ஒரு கையைப் பிடரிக்குக் கொண்டுபோய் அழுத்திவிட்டுக்கொள்வதையும் கவனித்திருப்பார்கள்.

அந்தப் பிடரி தாங்கிய பாரம் இன்னதென்று கணக்குப் பார்ப்பது கடினமல்ல. கேனன் 5டி மார்க் ஃபோர் காமிராவின் உடல், பேட்டரியும் கார்டும் சேர்ந்து 890 கிராம். கல்யாண வீடுகளில் அதனோடு இணைபிரியாமல் காணப்படும் 70-200 எஃப் 2.8 லென்ஸின் இரண்டாம் பதிப்பு 1,490 கிராம். மேலே செருகுகிற ஃபிளாஷையும் அதன் நான்கு செல்களையும் கூட்டினால் மூன்று கிலோவுக்குச் சற்றே குறைவு. ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் கொரட்டூர் ஏரிக்கரைக்கும் அம்பத்தூர் ஏரிக்கரைக்கும் நீர்ப்பறவைகளைத் தேடி வருகிறவர்களின் நிலை இதனினும் சிரமமானது: நிக்கான் டி850 உடல் 1,005 கிராம், 200-500 லென்ஸ் 2,300 கிராம், ஆக மூன்றேகால் கிலோவுக்கு மேல். மிர்ரர்லெஸ் காமிராக்கள் வந்தபின் இந்தத் தொல்லை தீர்ந்துவிட்டதென்று சொல்லுகிறவர்கள் உடலை மட்டும் நிறுத்துப் பார்க்கிறார்கள். உடல் இளைத்தது மெய், லென்ஸ் இளைக்கவில்லை. சோனியின் 200-600 லென்ஸ், அதன் தாங்குகால் நீங்கலாகவே 2,115 கிராம்.

பாரமான காமிரா நம் நாட்டுக்குப் புதிதன்று. 1856-இல் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமனம் பெற்ற லின்னேயஸ் டிரைப், ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மதுரைக் கோயில்களைப் படமெடுக்கப் புறப்பட்டபோது அவருடைய சாதனங்கள் மாட்டு வண்டிகளில் சென்றன. ஒரு நூற்றாண்டுக்குப் பின், அ. மாதவையாவின் புதல்வரும் இயற்கையியலாளருமான மா. கிருஷ்ணன், பல வகைக் காமிராக்களின் பாகங்களைத் தாமே ஒன்றுகூட்டி உருவாக்கிய தம்முடைய பெருங்காமிராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பரிகாசமாகப் பெயர் சூட்டி, அதைக்கொண்டே காடுகளில் படமெடுத்தார். தம் சுமையைப் பார்த்துத் தாமே சிரித்துக்கொள்ளும் அந்த மனோபாவம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை; மற்றவர்களுக்கு நல்ல வார் ஒன்று தேவைப்படுகிறது.

வார் என்று நான் எழுதுவதைக் கடைக்காரர்களும் கலைஞர்களும் பெல்ட் என்றும் ஸ்ட்ராப் என்றும் சொல்லுகிறார்கள். லட்ச ரூபாய் லென்ஸை மாதக்கணக்கில் விசாரித்து வாங்குகிற விவேகிகள், அதைத் தாங்கப்போகிற வாரைக் கடைசி நிமிஷத்தில், நிறம் பார்த்தும் மெத்தையை விரலால் அமுக்கியும் வாங்கிவிடுகிறார்கள். வாரைப் பற்றி வழங்கும் தவறான நம்பிக்கைகளுக்கெல்லாம் பொதுவான மூலம் ஒன்று உண்டென்று எனக்குத் தோன்றுகிறது: வாரின் நடுப்பாகத்தையே நாம் ஆராய்கிறோம்; அது காமிராவைப் பற்றுகிற நுனியையும், உடம்பின்மேல் படிகிற இடத்தையும் ஆராய்வதில்லை.

"மெத்தை தடிமனானால் பாரம் குறையும்"

கோயம்பேட்டு மூட்டைத் தொழிலாளியின் தலையிலுள்ள சும்மாடு மூட்டையின் எடையில் ஒரு குன்றிமணியளவும் குறைப்பதில்லை. ஓரிடத்தில் குத்துகிற பாரத்தைப் பரப்பிவிடுகிறது, அவ்வளவே. வாரின் மெத்தைக்கும் அதே வேலைதான். ஆனால் பரப்புவது தடிமனல்ல, அகலம். அதுவும், தோளின் சரிவுக்கு இசைந்து முழு அகலமும் படிந்தால் மட்டுமே. ஒடுங்கிய தோளுடையவர் மிக அகலமான விறைத்த மெத்தையை அணிந்தால் அதன் ஓரம் ஒன்றுமட்டும் தோலில் பதிந்து, குறுகிய வாரைக் காட்டிலும் அதிகமாக அறுக்கும்.

கடைகளில் மிகுதியாக விற்பனையாவது நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பரால் ஆன மெத்தை. 1930-இல் நியோப்ரீனும் 1935-இல் நைலானும் அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனியின் ஒரே ஆய்வுக்கூடத்தில், வாலஸ் கரோதர்ஸ் என்னும் ரசாயன அறிஞரின் குழுவில் பிறந்தவை. இன்று பல வார்களில் சகோதரர்கள் இருவரும் ஒரே தையலில் சேர்ந்திருக்கிறார்கள். நியோப்ரீன் நீண்டு சுருங்குவதால், நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் தோளில் விழுகிற அதிர்ச்சி சற்று மழுங்குகிறது. கடையில் நின்ற நிலையில் காமிராவை இரண்டுமுறை குதிக்கவிட்டுப் பார்க்கிறவருக்கு எடை பாதியானதுபோல் பிரமை உண்டாவது இதனால்தான். அரைமணி நடந்த பிறகு அதே குணம், காமிராவை ஊஞ்சலாட்டி இடுப்பில் மோதவிடுகிற குணமாக மாறிவிடுகிறது. தவிரவும், அது காற்றைப் புகவிடாத பொருள். குளிர்நாட்டில் கதகதப்பாக இருக்கும் ஒன்று சித்திரை மாதத்து அம்பத்தூரில் கழுத்தைச் சுற்றி வேர்க்குருவை விளைவிக்கும். நம்முடைய சீதோஷ்ணத்துக்கு, மெல்லியதும் நான்கு விரற்கடை அகலமுள்ளதும், உட்புறம் பருத்தித் துணியோ துளைகளுள்ள வலைத்துணியோ வைத்துத் தைத்ததுமான வாரே சௌகரியம் என்பது என் அபிப்பிராயம்.

"கழுத்தில் தொங்கினால்தான் பத்திரம்"

கண்ணெதிரே இருக்கும் பொருள் களவு போகாது என்கிற நியாயத்தின்மேல் இந்த நம்பிக்கை நிற்கிறது. மனிதனின் தலையே நான்கரை முதல் ஐந்து கிலோ எடையுள்ளது. அதை நாள் முழுதும் ஏந்துகிற கழுத்தின்மேல் மூன்று கிலோவை, அதுவும் முன்பக்கமாக இழுக்கும்படி மாட்டினால், பின்கழுத்துத் தசைகள் ஓயாமல் எதிரிழுப்பு இழுத்தாகவேண்டும். மாலையில் பிடரிக்குப் போகிற கை அந்த எதிரிழுப்பின் கணக்கைத்தான் தீர்க்கிறது. அன்றியும் குனிகிற ஒவ்வொரு முறையும் காமிரா மார்பைவிட்டு விலகி முன்னே ஆடி, மணையிலோ குத்துவிளக்கிலோ போய் இடிக்கும்.

பூணூல்போலக் குறுக்காக, ஒரு தோளின்மேல் ஏறி எதிர்ப்பக்க இடுப்பில் காமிரா அமையும்படி அணிந்தால், பாரம் கழுத்தெலும்பைவிட்டுத் தோளுக்கும் முதுகுக்கும் பெயர்கிறது. நீளத்தை அமைப்பதில் பலர் தவறுகிறார்கள்: கையைத் தளர விட்டு நிற்கும்போது உள்ளங்கை தானாகவே காமிராவின் பிடியின்மேல் அமரவேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் தொடையில் மோதும். மேலே ஏறினால் முழங்கை இடிபடும். ஒரே தோளில் நெடுநேரம் அணிவதும் நல்லதன்று. பந்திக்கும் பந்திக்கும் நடுவே தோளை மாற்றிக்கொள்வது உத்தமம். இரண்டு காமிராக்களை ஒருங்கே சுமக்க நேரும் தொழில்முறைக் கலைஞர்களோ, இரு தோள்களிலும் ஏறி முதுகில் குறுக்காகச் சந்திக்கும் இரட்டை வாரை, அதாவது ஹார்னஸை, செலவைப் பாராமல் வாங்கிவிடுவது மருத்துவச் செலவைக் காட்டிலும் மலிவு. புடைவை உடுத்துப் படமெடுக்கும் பெண்மணிகளுக்கு அதில் ஓர் இடைஞ்சல் உண்டு. தோளில் முந்தானையைக் குத்திய ஊசியின்மேல் வார் ஏறி இறங்கித் துணியைக் கிழிக்கும். ஊசியைச் சற்றுப் பின்னால் தள்ளிக் குத்தினால் தீர்ந்தது.

திருட்டைப் பற்றி ஒரு சொல். குறுக்கே அணிந்த வாரைக் கூட்டத்தில் எளிதாக உருவிக்கொண்டு போக முடியாது. ஆனால் சாலையோரம் நடக்கையில் மோட்டார் சைக்கிளில் வருகிறவன் இழுத்தால், உருவிக்கொள்ளாத வார் ஆளையும் சேர்த்தே இழுத்துவிடும். ஆதலால் வெளியே நடக்கும்போதும் இரு சக்கர வண்டியில் போகும்போதும் மின்சார ரயிலில் ஏறும்போதும் காமிரா இருக்கவேண்டிய இடம் பைக்குள்ளேதான், வெளியே அல்ல.

"தோலுக்கு இணை எதுவும் இல்லை"

ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் உள்ள தேசத்தில், அடையாற்றில் 1948-இலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்ட நகரத்தில், தோலை இழித்துப் பேச எனக்கு மனமில்லை. ஆவாரம் பட்டையில் ஊறிக் கடுக்காயில் முடிந்த பழைய காலத்துத் தோலின் உறுதி பிரசித்தமானது. ஆனால் தோலுக்கு வியர்வை சத்துரு. உப்பு நீரை உறிஞ்சிக் காய்ந்து, உறிஞ்சிக் காய்ந்து அது விறைக்கிறது. விறைத்த தோல் மடிகிற இடத்தில் வெடிக்கிறது. வெடிப்பு முதலில் தோன்றுவது தையல் துளைகளின் வரிசையிலே. ஐப்பசி கார்த்திகையில் அலமாரிக்குள் வைத்த தோல் வாரில் வெண்பூஞ்சை படர்வதைச் சென்னைவாசி எவருக்கும் நான் விவரிக்கவேண்டியதில்லை. தோலென்று சொல்லி விற்கப்படும் பூச்சுத் துணியோ, இரண்டு மழைக்காலங்களில் செதில் செதிலாக உரிந்து வெள்ளைச் சட்டையெங்கும் கறுப்புத் தூள் சொரியும். தோல் வாரை விரும்புகிறவர் விரும்பலாம். மாதம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, மடிப்புகளைத் தடவிப் பார்க்கும் பொறுமையும் உடன் வேண்டும்.

நாடாக்களில் நைலான் உறுதியானது, ஆயின் நனைந்தால் சற்று நீளும். வலிமையும் காயும் வரையில் சிறிது குன்றும். பாலியெஸ்டர் நாடா அவ்வளவு நீளாது; வெயிலையும் நன்றாகப் பொறுக்கும். மோட்டார் உதிரிப்பாகத் தொழில் செழித்த நம் அம்பத்தூர்ப் பகுதியில், பழைய கார் சீட் பெல்ட்டை வெட்டிக் காமிராவுக்கு வார் தைத்துக்கொள்ளும் யுக்தியும் உலவுகிறது. புதிய நாடாவானால் ஆட்சேபம் இல்லை. ஆனால் விபத்தில் ஒருமுறை இழுபட்ட சீட் பெல்ட், அந்த இழுப்பை வாங்கிக்கொண்டு நீண்டுபோகவென்றே நெய்யப்பட்டதாதலால், தன் ஆயுளை அப்போதே செலவழித்துவிட்டது. வழவழப்பான அதன் முகம் தோளில் நில்லாமல் வழுக்கும் என்பது வேறு விஷயம். எதை எங்கே தைத்தாலும் பருத்தி நூலால் தைக்கவிடாதீர்கள், வியர்வையில் இற்றுப்போகும். பாலியெஸ்டர் நூலால், சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியுமாகத் தைத்த தையலே பாரத்தைத் தாங்குவது.

"நூறு கிலோ தாங்குமென்று அட்டையிலேயே போட்டிருக்கிறது"

போட்டிருப்பது நாடாவைப் பற்றியதாக இருக்கும். காமிரா விழுவது நாடா அறுந்து அல்ல. தவிர, அமைதியாகத் தொங்கும் எடை வேறு, சடக்கென்று நிறுத்தப்படும் எடை வேறு. இரண்டரைக் கிலோ காமிரா கை தவறி முப்பது சென்டிமீட்டர் விழுந்து, வார் இறுகி இரண்டு சென்டிமீட்டருக்குள் அதை நிறுத்துவதாக வைத்துக்கொண்டால், அந்தக் கணத்தில் வாரின்மேலும் வளையங்களின்மேலும் வருகிற இழுப்பு ஏறத்தாழ நாற்பது கிலோ. அதாவது எடையைப்போல் பதினாறு மடங்கு. நாடா அதைப் பொருட்படுத்தாது. காமிராவின் காதில், அதாவது வார் கோர்க்கும் கண்ணியில், மாட்டிய சாவிக்கொத்து வளையம் பொருட்படுத்தும், வாய் பிளக்கும். எஃகு வளையம் உராய்ந்து உராய்ந்து மெல்லிய பிறைபோலத் தேய்ந்த காதுகளைப் பழைய காமிராக்களில் காணலாம். கயிற்று முடிச்சுகளால் மாட்டும் வகையில், பீக் டிசைன் என்னும் கம்பெனி தன் முடிச்சுகள் ஒவ்வொன்றும் தொண்ணூறு கிலோ தாங்குமென்று சொல்லிவிட்டு, அதோடு நில்லாமல், மேலே கறுப்பு இழையும் உள்ளே வேறு நிற இழையுமாகப் பின்னியிருக்கிறது. உள்நிறம் தெரிந்தால் தூக்கி எறிய வேண்டியதுதான். அட்டையிலுள்ள எண்ணைவிட இந்த ஏற்பாட்டையே நான் அதிகம் மதிக்கிறேன்.

எல்லாவற்றையும்விடச் சாமானியமான காரணம் கோர்வைப் பிழை. காமிராவோடு இலவசமாக வருகிற கம்பெனி வாரை மட்டமானதென்று பலர் ஒதுக்குகிறார்கள். உறுதியில் அது மட்டமன்று, சௌகரியத்தில்தான் குறைவு. அதைக் கோர்த்தவர் விளக்கப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தைப் புரட்டாததே குற்றம். நாடா காதின் வழியாகப் போய்த் திரும்பி, சிறு பிளாஸ்டிக் வளையத்தில் நுழைந்து, பக்கிளின் இரண்டு துவாரங்களிலும் ஏறி இறங்கி, நுனி வெளியே துருத்தாமல் நாடாவுக்கும் பக்கிளுக்கும் நடுவே உட்புறமாக அடங்கவேண்டும். அப்போது பாரம் இழுக்க இழுக்க நாடா தன்னையே நெருக்கிப் பிடிக்கும். நுனி வெளியே நின்றால் பாரம் இழுக்க இழுக்க நழுவும். இரண்டு மூன்று விரற்கடை நீளம் மிச்சம் விட்டு, கட்டில் மெத்தைக்கு மேலே காமிராவைத் தொங்கவிட்டு நன்றாக இழுத்துப் பார்த்துவிட்டால் சந்தேகம் தீரும்.

"அடியில் திருகிய இரும்புக்கு ஆபத்தில்லை"

அம்பத்தூர்க்காரர்கள் இந்த ஒரு நம்பிக்கையையாவது நம்பக்கூடாது. நெடுங்காலம் சைக்கிள் செய்து பழகிய ஊர் இது. 1960களில் அமைந்த தொழிற்பேட்டையில் லேத்தின் ஓசை கேட்காத தெரு குறைவு. பக்கத்துப் பாடியில் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் தன் வாழ்வையே போல்ட்டுகளின்மேல் நிறுத்திய கம்பெனி. நட்டு கழலாமலிருக்க ஸ்பிரிங் வாஷரும் நைலாக் நட்டும் மாட்டி, லாக்டைட் பசையும் பூசிப் பழகிய கைகளே, ஞாயிற்றுக்கிழமை காமிராவைத் தூக்கும்போது அதன் அடித்துளையில் ஒரு திருகை விரலால் முடுக்கி, மூன்று கிலோவை அதில் தலைகீழாகத் தொங்கவிட்டு, கவலையின்றி நடக்கின்றன!

குறுக்குவாரில் காமிரா சரளமாக வழுக்கி மேலே வரவேண்டும் என்பதற்காக, அடியிலுள்ள ஸ்டாண்டுத் துளையில் மாட்டும் கொக்கி பிரபலமாயிற்று. அந்தத் துளை கால் அங்குல விட்டமும் அங்குலத்துக்கு இருபது மரையும் உடையது. அது ஏற்பட்ட உத்தேசம், டிரைப் காலத்துக் காமிராவைப்போல ஸ்டாண்டின் மேல் உட்காரும் காமிராவை ஆடாமல் பிடிப்பது. உட்காரும்போது பாரம் திருகை இழுப்பதில்லை, ஸ்டாண்டின் தலையை அழுத்துகிறது. தொங்கும்போதோ முழுப் பாரமும் மரையை இழுக்கிறது. நடையின் ஒவ்வோர் அடியும் அதைப் பக்கவாட்டில் அசைக்கிறது. 1969-இல் ஜெர்மானியப் பொறியியல் அறிஞர் கெர்ஹார்ட் யுங்கர், போல்ட்டுகள் கழல்வதற்குப் பெருங்காரணம் நீளவாட்டு இழுப்பைவிடக் குறுக்குவாட்டு அசைவே என்பதைச் சோதனையால் நிரூபித்துக் காட்டினார். மரைகளின் முகங்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கத் தொடங்கியதும் உராய்வின் பிடி தளர்ந்து, திருகு தானாகவே பின்வாங்குகிறது. இறுக முடுக்கிய போல்ட்டுக்கே அந்தக் கதி என்றால், விரலால் முடுக்கிய திருகைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

இதனால் அந்த வகை வாரே கூடாதென்று நான் விதிக்கவில்லை. நானும் அதன் சரளத்தை விரும்புகிறவன். பேட்டையில் போல்ட்டின் தலைக்கும் அது உட்காரும் உடலுக்கும் குறுக்கே பெயின்டால் ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். திருகு அணுவளவு சுழன்றாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். கொக்கியின் திருகுக்கும் அதன் வாஷருக்கும் குறுக்கே நகப்பூச்சால் அப்படி ஒரு கோடு போடலாம். வாஷர் ரப்பராக இருந்து காமிராவின் அடியை நன்றாகக் கவ்வினால்தான் கோட்டுக்கு அர்த்தம் உண்டு. லாக்டைட்டைக் காமிராவின்மேல் பிரயோகிக்கவேண்டாம். சிலவகைப் பிளாஸ்டிக்குகளை அது வெடிக்கச் செய்யும், சிவப்பு வகையானால் திருகைத் திரும்பக் கழற்றுவதே பெரும்பாடு. கொக்கி, தற்செயலாக உரசித் திறந்துகொள்ளாதபடி பூட்டுமரை உள்ளதாக இருக்கட்டும். கொக்கி கைவிட்டால் பிடித்துக்கொள்ள, காமிராவின் காதிலிருந்து வாருக்கு ஒரு சிறு துணைக்கயிறும் கட்டிவிடுங்கள்.

பெரிய லென்ஸ் மாட்டியிருக்கும்போது கொக்கி காமிராவில் இருக்கக்கூடாது. லென்ஸின் தாங்குகாலில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட லென்ஸ், நடையின் அசைவிலெல்லாம் காமிராவில் தான் மாட்டியிருக்கும் வாயை நெம்புகோல்போல நெம்பிக்கொண்டே வரும். தாங்குகாலின் பட்டையை இறுக்கும் குமிழ் ஒன்று இருக்கிறதே, அதுவும் திருகுதான். அதற்கும் யுங்கர் சொன்னது பொருந்தும்.

"வாரைக் கழற்றவே கூடாது"

கையில் பிடித்திருக்கும் வரையில் சரி. கொரட்டூர்க் கரையில் ஸ்டாண்டின்மேல் நீண்ட லென்ஸை நிறுத்தி, விடியற்கால மங்கலில் மெதுவான வேகத்தில் எடுக்கும்போது, பக்கவாட்டில் தொங்கும் அகலமான வார் ஏரிக்காற்றில் படபடத்துக் காமிராவை ஆட்டும். படம் கலங்கியதற்கு லென்ஸைக் குற்றம் சொல்லுவார்கள். பாதையில் போகிறவர் கால் அதில் சிக்கினால் ஸ்டாண்டோடு எல்லாம் சாயும். விரைவில் கழற்றி மாட்டும் கொளுவிகள் உள்ள வாரை வாங்குகிறவர்களுக்கு இந்தச் சௌகரியம் கிடைக்கிறது. கழற்றும்போது இரண்டு நுனிகளையும் கழற்றவேண்டும், ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றொன்றில் வாரைத் தரையில் தொங்கவிடுவதால் பயன் ஒன்றும் இல்லை. திரும்ப மாட்டும்போது கொளுவி 'டக்'கென்று ஒலித்ததா என்று கேட்டு, ஒருமுறை இழுத்தும் பார்த்துவிட்டே கையை எடுக்கலாம்.